அவிழ்த்த நாயும் அழைக்கும் சொல்லும்

"கட்டினால் குரைக்கிறது, அவிழ்த்தால் ஓடுகிறது." நாய் வளர்ப்போர் இல்லங்களிலே நாள்தோறும் கேட்கும் முறைப்பாடு இது. இதிலே நான்கு வினைகள் இருக்கின்றன. கட்டுதலுக்கும் அவிழ்த்தலுக்கும் எழுவாய் மனிதன். குரைத்தலுக்கும் ஓடுதலுக்கும் எழுவாய் நாய். குற்றம் முழுவதையும் பின்னைய எழுவாயின் தலையிலே சுமத்திவிட்டு, முன்னைய எழுவாய் திண்ணையிலே சாய்ந்திருந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறது. இலக்கணங் கற்பிப்போனுக்கு இவ்விடத்திலே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கருத்தா இருவகைப்படும்: இயற்றுதற் கருத்தா ஒன்று, ஏவுதற் கருத்தா மற்றொன்று. கோயிலைக் கட்டிய தச்சனும் கருத்தா. கட்டுவித்த அரசனுங் கருத்தா. ஓடிய நாய் இயற்றுதற் கருத்தா என்பதிலே ஐயமில்லை. அதனை ஓடுவித்த ஏவுதற் கருத்தா யார்? கயிறு அவிழ்ந்தபின் நாய் ஓடாது நிற்பதற்கு வழி தேடுவோர் முதலிலே விடைகாண வேண்டிய வினா இதுவே.

நாய் நம்மவர்க்குப் புதிய உறவன்று. நன்னூலுக்கு உரைகண்டோர் திசைச்சொல்லுக்கு உதாரணங் காட்டுமிடத்து, பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர் என்று எழுதினர். பெரும்பாணாற்றுப்படையிலே அந்த ஞமலி வேட்டைக்குப் போகிறது. வேட்டுவர் வேலிப் புழைகள்தோறும் வலையை மாட்டி, நாய்களோடு புகுந்து, முயல்கள் தப்பாதபடி வளைக்கின்றனர். கயிறு பூட்டிய நாய் அவ்வேட்டைக்கு உதவாது. புதருக்குள்ளே கயிறு சிக்கும். அவிழ்ந்த நாயே வேண்டும். அவ்வாறு அவிழ்ந்த நாய், ஓடவேண்டிய வேளையிலே ஓடவும் வேண்டும். அழைத்த வேளையிலே மீளவும் வேண்டும். போகவிட்டு மீட்டல் என்னும் கலையை அவ்வேட்டுவர் அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்னும் ஒரு சான்று கல்லிலே இருக்கிறது. தமிழ்நாட்டுத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலே கண்டறியப்பட்ட நடுகல் அது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது; அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. கால்நடையின் பொருட்டு நிகழ்ந்த பூசலிலே கருந்தேவக்கத்தி என்னும் வீரன் வீழ்ந்தான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டுக் கூறுகிறது. வீரனுடைய உருவத்தோடு நாயின் உருவமும் கல்லிலே செதுக்கப்பட்டிருக்கிறது. வீரன் வீழ்ந்தபின் கயிற்றைப் பிடிப்பதற்குக் கை இல்லை. அழைப்பதற்குக் குரலும் இல்லை. கோவிவன் ஓடவில்லை.

அங்ஙனமாயின் நம்முடைய ஒழுங்கைகளிலே, படலை ஒரு சாண் திறந்தவுடன் அம்புபோலப் பாயும் நாய்கள் எதனாலே பாய்கின்றன? காரணங்கள் பல. அவற்றை ஒவ்வொன்றாய்க் காண்போம்.

முதலாவது, மணம். மனிதனுடைய மூக்கிலே மணமறியும் கலங்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்பர். நாயின் மூக்கிலே, இனத்துக்கேற்ப, அவை 20 கோடிக்கும் மேற்படும். நமக்கு வெறுந் தெருவாய்த் தோன்றுவது நாய்க்கு வெறுந் தெருவன்று. நேற்றிரவு எந்தப் பூனை எந்தப் பொட்டினாலே நுழைந்தது, எவர் வீட்டு நாய் எந்தக் கதியாலடியிலே நின்றது என்பனவெல்லாம் அதற்கு அங்கே எழுதிக் கிடக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவன் வாசியாதிருத்தல் அரிது. இரண்டாவது, இணைவிழைச்சு. பெண்ணாய் ஏறத்தாழ ஆறு திங்களுக்கொருமுறை பருவமுறும். காற்றிலே வரும் அதன் மணத்தைத் தொடர்ந்து ஆண்நாய் நெடுந்தொலை செல்லும். மிருகவைத்தியர் செய்யும் கருத்தடைச் சிகிச்சையினாலே இவ்வோட்டம் பெரிதும் குறையும். மூன்றாவது, அச்சம். சீனவெடிக்கும் இடிக்கும் அஞ்சி ஓடும் நாய் வீட்டை விட்டு ஓடுவதில்லை. ஒலியை விட்டு ஓடுகிறது. திசை தெரியாமல் ஓடுவதனாலே வழி தவறுகிறது. நான்காவது, கட்டு. நாள் முழுவதும் மாமரத்தடியிலே சங்கிலியிற் கிடந்த நாய்க்கு அவிழ்ப்பு என்பது சிறைமீட்சி. சிறை மீண்டவன் சிறைவாசலிலே நின்று பார்த்துக்கொண்டிருப்பானோ?

இந்நான்கும் நாயின் இயல்பாலும் வாழ்நிலையாலும் வருவன. ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு. அது நம்முடைய அழைப்பினாலே வருவது. மற்றை நான்கினும் வலியது அதுவே. அதனை விளக்குதற்கு எங்கள் ஒழுங்கையிலே நான் கண்டதொன்றைக் கூறுகிறேன்.

அயலிலே ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அவருடைய நாய்க்கு வீமன் என்று பெயர். படலை திறந்தால் வீமன் வெளியே. பெரியவர் பூவரசங் கம்பும் கையுமாக, "வீமா! வீமா!" என்று பின்னே ஓடுவார். வீமன் சற்றே நின்று திரும்பிப் பார்க்கும், வாலை ஆட்டும், அவர் எட்டடி கிட்டினால் அது பத்தடி எட்டும். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு இது நல்ல வேடிக்கை. வீமனுக்கும் அப்படியே. ஒரு மணிநேரங் கழித்துத் தானாகவே திரும்பி வரும். வந்தவுடன் முதுகிலே நாலு விழும். பின்பு சங்கிலி.

ஒருநாள் பெரியவர் மூச்சு வாங்க என் படலையடியிலே நின்று, "பண்டிதர், உந்தப் பிராணிக்கு நன்றியெண்ட சொல்லே தெரியாது. ஓடினதுக்கு எத்தினைதரம் அடிச்சுப்போட்டன்! இன்னும் திருந்தேல்லை" என்றார்.

"ஐயா, நீங்கள் அடிச்சது ஓடினதுக்கோ, வந்ததுக்கோ?" என்று கேட்டேன்.

அவர் விடை கூறவில்லை. கம்பைப் பார்த்தார்.

நாய்க்கு அகராதி இல்லை. ஒரு சொல்லைத் தொடர்ந்து எது நிகழ்கிறதோ, அதுவே அச்சொல்லுக்கு நாய் கொள்ளும் பொருள். ஒரு செயலைத் தொடர்ந்து எது நிகழ்கிறதோ, அதுவே அச்செயலின் பயன். வீமன் ஓடியது ஒரு மணிக்கு. மீண்டது இரண்டு மணிக்கு. அடி விழுந்தது மீண்ட கணத்திலே. ஓடுதலைக் கண்டிப்பதாகப் பெரியவர் எண்ணினார். வீமன் கற்றதோ, மீளுதல் நோவு தரும் என்பது. "வீமா" என்னும் விளிக்கு அதன் அகராதியிலே "கம்பு, சங்கிலி" என இரண்டு பொருளே எழுதப்பட்டிருந்தன. அந்த அழைப்பைக் கேட்டு நாய் எட்டி நிற்குமாயின், சொல்லின் பொருளைப் பிழையற விளங்கிக்கொண்டது என்றே நாம் கூறவேண்டும். ஏவுதற் கருத்தா யார் என்னும் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது.

ஆசிரிய கலாசாலையிலே கல்வி உளவியல் கற்றோர் இரண்டு பெயர்களை மறந்திரார். ஒருவர் இரஷ்ய நாட்டுப் பாவ்லோவ். சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டிலே நொபெல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன்னே வரும் அறிகுறியொன்றைப் பலமுறை கேட்ட நாய், உணவைக் காணுமுன்னரே வாயூறும் என்பதைக் காட்டியவர். மற்றவர் அமெரிக்காவின் தோர்ன்டைக். பூனை, நாய், கோழிக்குஞ்சு என்பவற்றைக் கொண்டு தாம் செய்த சோதனைகளை 1898ஆம் ஆண்டிலே வெளியிட்டார். நற்பயன் தந்த செயல் மீண்டும் நிகழும். தராத செயல் தேயும் என்பது அவர் கண்ட விளைவு விதி. பரீட்சைக்காக இவற்றை மனனஞ் செய்தோம். படலையடியிலே மறந்துவிடுகிறோம். வகுப்பறையிலும் மறப்பவர் உண்டு. ஏசுவதற்கு மாத்திரமே மாணவன் ஒருவனைப் பெயர்சொல்லி அழைக்கும் ஆசிரியர், அவன் தன் பெயரைக் கேட்டவுடன் தலைகுனிவதைக் கண்டு வியக்க வேண்டுவதில்லை.

இனி, வழியைக் கூறுவாம். பெரியவருக்கு நான் சொன்னவையும், நாய் பழக்குதலை நன்கறிந்தோர் உடன்பட்டுக் கூறுவனவும் இவையே.

பழுதுபட்ட சொல்லைப் போக்கிப் புதியதொரு சொல்லை எடுக்க வேண்டும். வீட்டிலே எல்லாரும் எவரையும் எப்போதும் அழைக்கும் "வா" என்பது இதற்கு ஆகாது. குறுகியதாய், வேறெதற்கும் வழங்காததாய் ஒரு சொல் வேண்டும். ஊதுகுழல் இன்னும் நன்று. குரலிலே கோபம் ஏறினால் நாய் உடனே அறிந்துகொள்ளும். குழலிலே கோபம் ஏறாது. அச்சொல்லை முதலிலே வீட்டினுள்ளே, பசி வேளையிலே, இரண்டு பாக தூரத்திலிருந்து ஒருமுறை சொல்லுக. நாய் வந்த கணத்திலேயே அதற்கு மிக விருப்பமான உணவிலே ஒரு சிறு துண்டு கொடுக்க. அவித்த முட்டையோ இறைச்சியோ ஆகலாம். நாளாந்தம் தட்டிலே கிடைக்கும் சோறாகாது. நாளொன்றுக்குச் சிலமுறை செய்தாற் போதும். உள்ளே தவறாது வந்தால், முற்றத்திலே செய்க. முற்றத்திலே வந்தால், படலையைச் சாத்திவிட்டு வளவிலே செய்க. ஒரு படியிலே கால் ஊன்றுமுன் அடுத்த படிக்குப் போகலாகாது. அரிச்சுவடி முடியாதவன் கையிலே நைடதத்தைக் கொடுப்பாருண்டோ?

அடுத்த படி வெளி. அங்கே 30 அடி நீளமான கயிறொன்றைக் கழுத்திலே அன்றி, மார்பைச் சுற்றிய பட்டியிலே பூட்டுதல் வேண்டும். விசையாய் ஓடும் நாயின் கழுத்துக்கு ஊறு நேராது. அந்நெடுங்கயிறு இழுத்து வருவதற்கு உரியதன்று. அழைப்பை மீறி ஓடிப் பயன்பெறும் பழக்கம் நாய்க்கு உண்டாகாமற் காப்பதற்கு மாத்திரம் உரியது. ஆடு, கோழி, பிற நாய் ஆகியன தொலைவிலே நிற்கும்போது அழைத்துப் பழக்குக. நாளடைவிலே தொலைவைக் குறைக்கலாம். பல நாள் கயிறு இறுகாதிருந்தால், வேலியடைத்த வெளியொன்றிலே அதனை அவிழ்க்கும் காலம் வந்தது என்க.

ஒருமுறையே அழைத்தல் வேண்டும். பத்துமுறை கூவினால், முதல் ஒன்பதும் பொருளற்றவை என்று நாய் கற்கும். வராது என்று தோன்றும் வேளையிலே அச்சொல்லை வாயாற் சொல்லாதிருத்தலே நன்று. துரத்தலாகாது. துரத்துதல் நாய்க்கு விளையாட்டு. அவ்விளையாட்டிலே நாலு காலுக்கு இரண்டு கால் தோற்கும். நாம் புறங்காட்டி எதிர்த்திசையிலே ஓடினால், அல்லது நிலத்திலே குந்தினால், பெரும்பாலான நாய்கள் நம்மை நோக்கி வரும். குளிப்பாட்டுவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் கட்டுவதற்கும் அச்சொல்லாலே அழைக்கலாகாது. நாமே நாயிடம் சென்று அழைத்து வருக. எவ்வளவு தாமதித்து வந்தாலும் வந்த நாயை அடிக்கலாகாது. இவ்வொன்றைக் கைக்கொள்ளுதல் மற்றை யாவற்றினும் கடினம். காத்திருந்த கோபம் கையிலே நிற்கிறது. நாயோ வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. அக்கணத்திலே கையை அடக்கினவனுக்கே நாய் வசப்படும்.

மற்றுமொன்று. அழைத்து வந்தவுடன் ஒவ்வொரு முறையும் கயிற்றைப் பூட்டினால், வருதல் என்பது விளையாட்டின் முடிவு என்று பொருள்படும். வந்த நாய்க்கு உணவு கொடுத்து, "போ" என்று மீளவும் விடுக. பத்துமுறை அழைத்தால் ஒன்பதுமுறை திரும்ப விடுக. போதலே வருதலுக்குப் பரிசாகும். விருப்பமான செயலை மற்றொரு செயலுக்குப் பரிசாக்கலாம் என்னும் இத்தத்துவத்தை 1959ஆம் ஆண்டிலே பிறெமக் என்னும் உளவியலாளர் வகுத்துரைத்தார். கணக்கைச் செய்துவிட்டு விளையாடப் போ என்று சொல்லும் தாய்மார் அதனை முன்னரே அறிவர். பழக்கம் ஊன்றியபின் ஒவ்வொரு முறையும் உணவு வேண்டுவதில்லை. இடையிடையே, எதிர்பாராத வேளையிலே கொடுத்தாற் போதும். இடைவிட்டுக் கிடைக்கும் பரிசினாலே நிலைத்த பழக்கம் எளிதில் அழியாது என்பதை பேர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957ஆம் ஆண்டு நூலிலே விரிவாகக் காட்டினர்.

குட்டிப் பருவத்திலே தொடங்குவோர்க்கு இவையெல்லாம் எளிது. ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் அமெரிக்காவிலே பலவாண்டு நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965ஆம் ஆண்டிலே நூலொன்று வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி உறவுகொள்ளும் காலம் என்பது அவர்கள் கண்ட முடிபு. அக்காலத்துக் குட்டி நம் காலடியை விட்டு அகலாது. நம்மவர் பலர் அக்காலத்திலே குட்டியைக் கூட்டிலே அடைத்துவிட்டு, அது ஓடப் பழகியபின் அழைக்கத் தொடங்குகின்றனர்.

பெரியவர் வீமனோடு சில மாதங்கள் பொறுமையாய் முயன்றார். பூவரசங் கம்பு கிணற்றடிக் கத்தரிச் செடிக்கு முட்டுக்கொடுக்கப் போயிற்று. இப்போது வீமன் புதிய சொல்லுக்குப் பெரும்பாலும் திரும்புகிறது. தீபாவளி வெடிக்குத் திரும்புவதில்லை. அன்றைக்கு அதனை வீட்டினுள்ளே அடைத்து வைக்கிறார். எந்நாயும் எவ்வேளையும் மீளும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆதலினாலே, கயிறு வேண்டாம் என்பது என் கருத்தன்று. பெருந்தெருவிலே கயிறு வேண்டும். பஸ் வண்டிக்கு நாயின் பழக்கம் தெரியாது. தெருவிலே போகும் சிறுபிள்ளைக்கும், "அது கடியாது" என்று நாம் சொல்லும் சொல் ஆறுதலாகாது. விசர்நாய்க்கடியின் கொடுமை இந்நாட்டுக்குப் புதிதன்று. அதற்கான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1970களின் முற்பகுதியிலே ஆண்டொன்றுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். தடுப்பூசியினாலும் விழிப்பினாலும் அத்தொகை இன்று சில பத்துகளாய்க் குறைந்திருக்கிறது, இன்னும் அற்றுப்போகவில்லை. ஓடிப்போன நாய் எந்நாயோடு சண்டையிட்டது என்பதை அறிவார் இல்லை. ஆண்டுதோறும் ஊசி போடுவித்தலும், கழுத்துப் பட்டியிலே உரியவரின் தொலைபேசி எண்ணைப் பொறித்தலும், வேலிப் பொட்டுகளை அடைத்தலும் பயிற்சியோடு சேர்ந்த கடமைகள்.

கயிறும் அழைப்பும் இரண்டும் இல்லாதபோது நாய் என் செய்யும்? யாழ்ப்பாணத்தார் இதற்கு விடையை நடுகல்லிலே மாத்திரம் தேட வேண்டுவதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். மழை பெய்துகொண்டிருந்தது. செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனத்திரள் அடி அடியாய் நகர்ந்தது. அப்போது நான் இளம் ஆசிரியன். புறப்படுமுன் பல வீடுகளிலே செய்த கடைசிக் காரியம், தொழுவத்து மாட்டையும் மரத்தடி நாயையும் அவிழ்த்துவிட்டமையே. எங்கள் ஒழுங்கை நாய்கள் சில சந்திவரை கூட வந்தன. சந்தியிலே நின்றன. முன்னே போவோரைப் பார்த்தன. பின்னே வீட்டுப்பக்கம் பார்த்தன. பின்பு தத்தம் படலைக்குத் திரும்பின. 1996ஆம் ஆண்டு சித்திரைக்குப்பின் மீண்டோர் சிலர், எலும்புந் தோலுமாய் வாசலிலே கிடந்த நாய் எழுந்துவந்து வாலாட்டியதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேறு சிலர், வாசலிலே ஒன்றும் கிடக்கவில்லை என்று சொல்லி அவ்வளவில் நிறுத்திக்கொண்டனர். நட்பை ஆராயப் புகுந்த நாலடியார் யானையினும் நாயை மேலாக வைத்தமையைப் பல ஆண்டு படிப்பித்திருக்கிறேன். அச்செய்யுளுக்கு அந்நாய்கள் எழுதிய உரையினும் சிறந்த உரையை நான் கண்டதில்லை.

அவை நின்றமைக்குக் காரணம் சங்கிலியன்று. அந்தப் படலையடியிலே அவற்றுக்குச் சோறு கிடைத்தது. ஒரு பெயர் கிடைத்தது. அப்பெயரை அன்போடு சொல்லும் குரலொன்று கிடைத்தது. அவை மீண்டும் கிடைக்கும் என்னும் நம்பிக்கையே அவற்றைக் கட்டிவைத்தது. அவிழ்த்த நாய் ஓடாமலிருக்க வழி கேட்போர், அந்நம்பிக்கையை நாள்தோறும் சிறிது சிறிதாய்ச் சேமித்து வைக்க. அழைத்த சொல்லுக்கு ஒருநாளும் பொய்ப்பொருள் உண்டாக்காதிருக்க. பின்பு கயிற்றை அவிழ்க்கலாம்.